கதிர்வீச்சு மருத்துவ ரெசிடென்டுக்கு வெளிநாட்டுப் பயிற்சி: எந்த உதவித்தொகை, எந்த ஊர்?

எம்.டி. கதிர்வீச்சு சிகிச்சை படிப்பவருக்கு ஆண்டுக்கு 20 நாள் விடுப்பு. வெளிநாட்டுக் குறும்பயிற்சி உதவித்தொகைகளில் நம்மவர்கள் அதிகம் குறிவைப்பது நான்கு வாரப் பயிற்சி. 28 நாளோடு போக வர இரண்டு நாளைச் சேர்த்தால் 30. வீடு காரைக்குடியிலோ பொன்னமராவதியிலோ, படிப்பு மதுரையிலோ சென்னையிலோ என்று இருக்கும் ரெசிடென்ட், எந்த அமைப்பு எத்தனை டாலர் தருகிறது என்று தேடுவதில் ஆரம்பிக்கிறார். அழைப்புக் கடிதமும் கைக்கு வந்த பிறகு, டீன் அலுவலகத்தில் இந்தப் பத்து நாளில் மாட்டிக்கொள்கிறார். அதனால் ஒப்பீட்டை விடுப்பிலிருந்தே தொடங்கலாம்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பட்டமேற்படிப்பு விதிகளில் 20 நாள் விடுப்பு போக, மாநாடு, கருத்தரங்குக்கு என்று ஆண்டுக்கு 5 நாள் தனியாக உண்டு. அதை ஆஸ்பத்திரிப் பயிற்சிக்குத் திருப்பிவிட முடியாது. வருகை 80 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. விடுப்பு மீறினால் மீறிய நாள் அளவுக்குப் படிப்பு நீளும். மூன்று, நான்கு, ஐந்து ஆகிய செமஸ்டர்களில் ஏதோ ஒன்றில் மூன்று மாத மாவட்டப் பணி வரும். அந்தச் சமயத்தில் ஊரை விட்டு நகர வழியில்லை. ஆய்வேட்டை இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்துவிட வேண்டும். இவற்றையெல்லாம் கழித்தால் 36 மாதப் படிப்பில் நிம்மதியாகக் கிளம்பக்கூடிய காலம் ஏறக்குறைய 18ஆம் மாதத்திலிருந்து 28ஆம் மாதம் வரைதான். அதற்குள்ளும் மாவட்டப் பணி எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எம்.டி.க்கு இணையான, தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிப்பவருக்கு ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு என்பதால் ஒரே மூச்சில் போய் வந்துவிடலாம், அந்த ஆண்டு தீபாவளிக்கும் தங்கை கல்யாணத்துக்கும் நாள் மிஞ்சாது என்பது வேறு விஷயம்.

எம்.டி.காரர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது, இரண்டு அல்லது மூன்று வாரப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்வது. இரண்டாவது, பயணத்தைக் கல்வியாண்டு மாறும் இடத்தில் பொருத்தி, முடியும் ஆண்டின் கடைசி நாள்களையும் பிறக்கும் ஆண்டின் முதல் நாள்களையும் சேர்த்து எடுப்பது. இதற்குத் துறைத் தலைவர் வாய்வார்த்தையாகச் சரி என்றால் போதாது; வாராந்திர ஓய்வு நாள்கள் விடுப்புக் கணக்கில் சேருமா, சேராதா என்பது உட்பட டீனின் எழுத்து வேண்டும். மூன்றாவது, தேர்வு முடித்து சீனியர் ரெசிடென்டாக ஆன பிறகு போவது. பல உதவித்தொகைகளுக்கு இந்த மூன்றாவது நிலைதான் உண்மையில் பொருந்தும். காரணம் அடுத்து வருகிறது.

யாருடைய பணம், யாருக்கு

"ரேடியேஷன் ஆன்காலஜி, குளோபல் ஹெல்த், ரெசிடென்ட், ஸ்காலர்ஷிப்" என்று தேடினால் முதலில் வந்து விழுபவற்றில் ஒன்று அமெரிக்க ரெசிடென்டுகளின் அமைப்பான ஆர்ரோ தரும் குளோபல் ஹெல்த் உதவித்தொகை. தலைப்பைப் படித்தால் நமக்கென்றே அளந்து தைத்தது போல இருக்கும். ஆனால் அந்தப் பணம் எதிர்த்திசையில் ஓடுவது: அமெரிக்காவில் பயிற்சியில் இருப்பவர் நம்மைப் போன்ற நாடுகளுக்கு வந்து பார்ப்பதற்கு. இப்படிப்பட்டவை இன்னும் சில உண்டு. அறிவிப்பில் "இன்டர்நேஷனல் எலெக்டிவ்" என்று இருந்தால், விண்ணப்பிப்பவர் எந்த நாட்டில் பயிற்சியில் இருக்க வேண்டும் என்ற ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்க வேண்டும்.

நம் திசையில் ஓடும் பணத்தில் முக்கியமானவை நான்கு. ஜெனீவாவில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய்க் கட்டுப்பாட்டு ஒன்றியமான யு.ஐ.சி.சி. தரும் டெக்னிக்கல் ஃபெலோஷிப், வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமை தரும் ஃபெலோஷிப், ஐரோப்பியக் கதிர்வீச்சு மருத்துவர் சங்கமான எஸ்ட்ரோவின் மொபிலிட்டி கிரான்ட், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோவின் ஐடியா விருது.

கடைசி இரண்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எஸ்ட்ரோவின் தொகைக்கு எஸ்ட்ரோ உறுப்பினர் என்பதே வாசல். சில வாரம் ஒரு மையத்துக்குப் போய்க் குறிப்பிட்ட ஒரு நுட்பத்தைக் கற்று, திரும்பியதும் அறிக்கை எழுதித் தர வேண்டும். உறுப்பினர் சந்தா கட்டியிருப்பவருக்கு நல்ல வழி. ஐடியா விருது, பணியின் ஆரம்ப நிலையில் இருக்கும் புற்றுநோய் மருத்துவர்களுக்கானது: மே மாதக் கடைசியில் சிகாகோவில் தொடங்கும் ஆஸ்கோ ஆண்டு மாநாடு, ஒரு வழிகாட்டி, அவருடைய மையத்துக்குச் சில நாள் பயணம். தொடர்புகள் கிடைக்கும், ஒரு சிகிச்சை முறையை ஆதியிலிருந்து அந்தம் வரை பார்க்க நாள் போதாது. நுட்பம் கற்கப் போகிறவர் இதை முதல் தேர்வாக வைக்க வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு நிஜமான போட்டி யு.ஐ.சி.சி.க்கும் அணுசக்தி முகமைக்கும் நடுவில்தான். இரண்டும் தன்மையிலேயே வேறானவை.

யு.ஐ.சி.சி.க்குத் தனி ஆளாக விண்ணப்பிக்கலாம். ஒரு மாதம் வரையிலான பயிற்சி. பயணம், தங்கல் இரண்டுக்கும் சேர்த்து ஒரு தொகை. போகும் மையத்தை நீங்களே தேடி, அங்கிருந்து ஏற்புக் கடிதம் வாங்கி, விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும். உங்கள் நிறுவனமோ போகும் நிறுவனமோ அவர்களுடைய உறுப்பினராக இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு அறிவிப்பு கேட்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தேர்வுக் குழு தேடுவது ஒரே ஒரு விஷயம்: திரும்பிப் போய் இவர் இதைச் செய்வாரா? மூன்றாண்டு முடிந்ததும் எந்த ஊரில் வேலை என்றே தெரியாத ரெசிடென்ட் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார். நிலையான பணியில் இருப்பவர், "எங்கள் மையத்தில் இந்த மெஷின் இருக்கிறது, இந்த நுட்பம் தொடங்கவில்லை, திரும்பி வந்து ஆறு மாதத்தில் தொடங்குவோம்" என்று துறைத் தலைவர் கையெழுத்தோடு எழுத முடிகிறது. படிக்கும்போதே விண்ணப்பிப்பதானால் இந்த வாக்குறுதியைத் துறையின் பெயரில் வாங்குங்கள். துறைக்கு ஒரு பிராக்கிதெரபி (கதிர்மூலத்தைக் கட்டிக்குள்ளோ அருகிலோ வைத்துத் தரும் சிகிச்சை) திட்டம், அதற்கான ஆளாக நீங்கள் என்று இருந்தால் விண்ணப்பத்துக்கு எடை கூடும்.

அணுசக்தி முகமையின் வழி அரசு வழி. தனி ஆள் நேரே போய்க் கதவைத் தட்டி வாங்க முடியாது; நாட்டின் சார்பில் முன்மொழிய வேண்டும், இந்தியாவில் அது அணுசக்தித் துறை வழியாக நடக்கிறது. இன்டச் பிளஸ் என்ற இணைய வாசலில் பதிவு. இரண்டாண்டுச் சுழற்சியில் ஓடும் திட்டங்களோடு ஃபெலோஷிப் பிணைந்திருக்கும். ஆசிய-பசிபிக் நாடுகளுக்கென்று 1972இல் தொடங்கிய ஆர்.சி.ஏ. ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருப்பதால் வட்டாரத் திட்டங்களிலும் இடம் வரும். உங்கள் நிறுவனம் அப்படி ஒரு திட்டத்தில் இருந்தால் இதைவிட நல்லது இல்லை: பயணம், மாதப்படி எல்லாம் முறையாக வரும், பல மாதப் பயிற்சிக்கும் இடமுண்டு, போகும் மையத்தை முகமையே பேசி முடிக்கும். நிறுவனம் திட்டத்தில் இல்லையென்றால் விண்ணப்பம் எந்த மேசையிலும் நகராது. ஆகவே இங்கே தகுதி என்பது மதிப்பெண்ணைவிட நிறுவனத்தைப் பொறுத்தது. மேலும், கோப்பு நகரும் வேகம் ரெசிடென்டின் 18 முதல் 28 மாத ஜன்னலுக்குள் அடங்காது. பணியில் சேர்ந்த பிறகு, அரசு மையத்தில் இருப்பவருக்கு இது, ரெசிடென்டுக்கு யு.ஐ.சி.சி. அல்லது எஸ்ட்ரோ.

வெளிநாட்டு மருத்துவர்களுக்கான பிரிட்டனின் எம்.டி.ஐ. பயிற்சித் திட்டத்தையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அது குறும்பயிற்சியே அல்ல, எம்.டி. முடித்தவர் 24 மாதம் வரை சம்பளத்தோடு வேலை செய்து கற்கும் வழி. பிரிட்டனின் மருத்துவக் கவுன்சிலான ஜி.எம்.சி.யில் பதிவுக்கு, ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.இல் மொத்தம் 7.5, ஒவ்வொரு பிரிவிலும் 7.0, அல்லது ஓ.இ.டி.யில் நான்கிலும் பி கிரேடு வேண்டும். நோயாளியைத் தொட்டுச் சிகிச்சை செய்ய வேண்டும் என்பதே ஆசை என்றால் நான்கு வாரத்துக்கு அலையாமல் இதற்குத் தயாராவது மேல்.

கண்ணால் பார்ப்பதா, கையால் செய்வதா

நகரத்தார் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போனவன் முதல் நாளே பேரேட்டில் கைவைக்க முடியாது. பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்று படி ஏற வேண்டும். நான்கு வாரத்துக்கு வெளிநாடு போகும் டாக்டரின் இடம் பெட்டியடிதான். இது தெரியாமல் போனால் ஏமாற்றம், தெரிந்து போனால் லாபம்.

பிரிட்டனில் ஸ்டாண்டர்டு விசிட்டர் விசாவில் கிளினிக்கல் அட்டாச்மென்ட் செய்யலாம். சம்பளம் கூடாது, நோயாளிக்குச் சிகிச்சை செய்யக் கூடாது. அமெரிக்காவில் பி-1 விசாவில் மருத்துவர் வந்து நடைமுறையைப் பார்க்கலாம், நோயாளி பராமரிப்பில் கைவைக்கக் கூடாது. சில மையங்கள் பார்ப்பதற்கே கட்டணம் வாங்குகின்றன. ஐரோப்பாவில் ஷெங்கன் குறுகிய கால விசா 180 நாளில் 90 நாள் வரை; குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்க மாட்டார்கள். சிங்கப்பூரில் பார்வையாளராகப் போவது ஒன்று. நோயாளியைத் தொட வேண்டுமானால் சிங்கப்பூர் மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவு வேண்டும், அது நான்கு வாரத்துக்கு ஏற்ற வேலை அல்ல.

ஆக நான்கு இடத்திலும் நீங்கள் பார்வையாளர்தான். கதிர்வீச்சுத் துறையில் இது மற்றத் துறைகளைப் போலப் பெரிய குறையும் இல்லை. அறுவை சிகிச்சையைப் பார்த்து மட்டும் கற்க முடியாது. நம் வேலையில் பாதி கம்ப்யூட்டர் திரையில் நடக்கிறது. பெயர் நீக்கிய ஸ்கேன்களை வைத்துக் கான்டூர் (கட்டி, உறுப்புகளின் எல்லைக்கோடு) போடவும், மாற்றுத் திட்டம் போட்டுப் பார்க்கவும் பயிற்சிக்கென்று ஒரு கணினியைத் தருவீர்களா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். அதற்குச் சம்மதிக்கும் சாதாரண மையம், சம்மதிக்காத புகழ்பெற்ற மையத்தைவிட மேல். அங்கே எக்லிப்ஸ், உங்கள் துறையில் மொனாக்கோ என்று மென்பொருள் வேறாக இருந்தால் பட்டன்களைக் கற்றுப் பயனில்லை. கான்டூரும், எந்த உறுப்புக்கு எத்தனை கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு) விடலாம் என்ற முடிவும் எந்த மென்பொருளோடும் ஊர் திரும்பும்.

மையத்தைத் தேர்வதற்கு முன் அணுசக்தி முகமையின் டிராக் என்ற பட்டியலைப் பாருங்கள். உலகெங்கும் உள்ள கதிர்வீச்சு மையங்களில் எத்தனை லினாக் மெஷின், எத்தனை கோபால்ட் மெஷின், எத்தனை பிராக்கிதெரபி மெஷின் என்று அதில் இருக்கிறது.

எதைக் கற்க எங்கே

தொகையைவிட இந்த முடிவில்தான் பலர் சறுக்குகிறார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: திரும்பி வந்த திங்கட்கிழமை, உங்கள் துறையில் இருக்கும் மெஷினில் இதைச் செய்ய முடியுமா?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்காக வெளிநாடு போவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை. நம் ஓ.பி.யில் ஒரு வாரத்தில் வரும் வாய்ப்புற்று நோயாளிகளை அங்கே பல மையங்களில் பல மாதம் நின்றாலும் பார்க்க முடியாது. புரோட்டான் சிகிச்சையைப் பார்க்க ஆசையா? சென்னை தரமணியில் 2019 முதல் இருக்கிறது, நவி மும்பை கார்கரில் டாடா மையத்தின் ஆக்ட்ரெக்கிலும் இருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குப் பிரிட்டன் நல்ல இடம். மூன்று வாரத்தில் 15 தடவையில் 40 கிரே என்ற முறையை வழக்கமாக்கியவர்கள், ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வில் 97 ஆஸ்பத்திரிகளில் 4,096 நோயாளிகளைச் சேர்த்து, ஒரே வாரத்தில் 5 தடவையில் 26 கிரே கொடுக்கலாம் என்று 2020இல் காட்டினார்கள். புதிய மெஷின் வேண்டியதில்லை. வேண்டியது தினசரி இமேஜிங்கில் கட்டுப்பாடும், இதயத்துக்குப் போகும் அளவைக் குறைக்க மூச்சைப் பிடித்து நிறுத்தும் நடைமுறையும். தேவகோட்டையிலிருந்து மதுரைக்குத் தினமும் பஸ்ஸேறி வந்து போகும் ஒரு பெண்ணுக்கு மூன்று வாரம் ஒரு வாரமாவது சின்ன விஷயமில்லை. அங்கே டாக்டரைவிட ரேடியோகிராஃபர் பக்கத்தில் நின்று கவனியுங்கள்: நோயாளிக்கு மூச்சுப் பயிற்சி எப்படிச் சொல்லித் தருகிறார், இமேஜ் எத்தனை மில்லிமீட்டர் விலகினால் நிறுத்துகிறார், நிறுத்தினால் யாரைக் கூப்பிடுகிறார். ஊரில் தொடங்கும்போது தடுமாறுவது இதில்தான். இரண்டு வாரம் போதும் என்பதால் விடுப்புக் கணக்கிலும் இது ஒத்துவரும்.

நான்கு வாரம் கிடைத்து, உங்கள் துறையில் எச்.டி.ஆர். (அதிக வேகத்தில் கதிர்வீச்சு தரும்) பிராக்கிதெரபி இருந்தால், எங்கள் முதல் பரிந்துரை கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கான இமேஜ் வழிகாட்டும் பிராக்கிதெரபி. இதற்கு வியன்னா பெயர்பெற்ற இடம். இந்தச் சிகிச்சை பற்றிய எம்பிரேஸ் என்ற பன்னாட்டு ஆய்வுகளின் நடு நாடி அங்கேதான் துடித்தது. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதைக் கணக்கோடு சொல்வதானால் இப்படி.

வெளிக் கதிர்வீச்சு 25 தடவையில் 45 கிரே. தடவைக்கு 2 கிரே வீதம் கொடுத்தால் எவ்வளவுக்குச் சமம் என்ற சமன்கணக்கில், திசுவின் எதிர்வினையைக் குறிக்கும் ஆல்ஃபா-பீட்டா 10 என்று வைத்தால், கட்டிக்கு அது 44.3 கிரே. பிறகு பிராக்கிதெரபியில் 7 கிரே வீதம் நான்கு தடவை, மொத்தம் 28, சமன்கணக்கில் 39.7. கூட்டினால் 84. அதிக ஆபத்துப் பகுதியின் 90 சதவீதக் கன அளவுக்கு 85க்கு மேல் போக வேண்டும் என்பது இலக்கு; எம்பிரேஸ் இரண்டாம் ஆய்வு 90 முதல் 95 வரை எட்டப் பார்க்கிறது. அதாவது நாம் பாடமாகப் போடும் 7 பெருக்கல் 4 இலக்குக்கு ஒரு கிரே கீழேயே நிற்கிறது, அதுவும் கட்டி முழுவதும் அந்த 7க்குள் அடங்கியிருந்தால்தான். மறுபக்கம், சிறுநீர்ப்பையில் அதிகக் கதிர்வீச்சு படும் 2 சி.சி.க்கு ஒவ்வொரு தடவையும் 6 கிரே போனால், ஆல்ஃபா-பீட்டா 3 கணக்கில் வெளிக் கதிர்வீச்சோடு சேர்த்து 86.4. எல்லை 90. மலக்குடலுக்கு எல்லை 75. இந்த இரண்டு சுவருக்கு நடுவில் கட்டியின் அளவை எப்படி ஏற்றுகிறார்கள் என்பதே நான்கு வாரப் பாடம்.

அதை ஏற்றுவது கணினியில் நடப்பதாகத் தோன்றும். பெரும்பங்கு தியேட்டரில் நடக்கிறது. கதிர்மூலம் போய்வரும் கருவியான அப்ளிகேட்டரை உள்ளே வைத்த பிறகு துணிச்சுருளை எந்தப் பக்கம் எத்தனை இறுக்கமாகத் திணிக்கிறார்கள், அதனால் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் எவ்வளவு விலகுகின்றன, கட்டி பக்கவாட்டில் நீண்டிருந்தால் வளையத்தின் துளைகள் வழியாக எத்தனை ஊசியை எந்த ஆழத்துக்கு விடுகிறார்கள் என்பதை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் வைத்து நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ.யில் கான்டூர் போடும்போது, மீதிக் கட்டி, முழு கர்ப்பப்பைவாய், பக்கத்துத் திசுவில் சாம்பல் நிறமாகத் தெரியும் பகுதி மூன்றும் சேர்ந்ததுதான் அதிக ஆபத்துப் பகுதி. அந்தச் சாம்பல் நிறத்தை எங்கே முடிக்கிறார் என்று அனுபவஸ்தர் சுட்டெலி நகர்வதைப் பார்த்துத்தான் பழக முடியும். எந்தப் புத்தகப் படமும் அதைக் காட்டாது.

ஊர் திரும்பியதும் இடிக்கும் இடத்தையும் முன்பே யோசிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் எம்.ஆர்.ஐ. எடுக்க உங்கள் ஆஸ்பத்திரியில் நேரம் கிடைக்காது. முதல் தடவை எம்.ஆர்.ஐ., அடுத்தவற்றுக்கு சி.டி. என்ற கலப்பு முறையையும் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது இரிடியம் சோர்ஸ் (கதிர்மூலம்) என்றால் அதன் அரை ஆயுள் 74 நாள். புது சோர்ஸில் 8 நிமிடம் ஓடும் சிகிச்சை, ஐந்து மாதம் மாற்றாமல் விட்டால் 32 நிமிடம் ஓடும். அத்தனை நேரம் அப்ளிகேட்டர் அசையாமல் இருக்குமா? கோபால்ட் சோர்ஸ் என்றால் அரை ஆயுள் 5.27 ஆண்டு, இந்தக் கவலை குறைவு. ஊசி போடும் வசதியுள்ள அப்ளிகேட்டர் துறையில் இல்லையென்றால் போவதற்கு முன்பே கொள்முதல் கோரிக்கையைக் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்த பிறகு கேட்டால், கற்றது கை மறக்கும்வரை அந்தக் கோப்பு மேலே ஏறிக்கொண்டே இருக்கும்.

வியன்னாவில் ஒரு குறை, வார்டு பேச்சு ஜெர்மன். டாக்டர்கள் ஆங்கிலத்தில் விளக்குவார்கள். நோயாளியோடு பேசுவது புரியாது. பிராக்கிதெரபியில் அது தாங்கக்கூடிய இழப்பு. நோயாளியோடு பேசும் முறையைக் கற்கப் போகிறவருக்குப் பிரிட்டன்தான்.

இதே பாடத்துக்கு மும்பை டாடா நினைவு ஆஸ்பத்திரியும் ஒரு நேர்மையான போட்டியாளர். நோயாளி எண்ணிக்கை அதிகம், நோயும் நம் நோயாளிகளைப் போலவே முற்றி வருவது, மெஷின் நெருக்கடியும் நம்முடையது போன்றதே. அதனால் அவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிகள் நமக்கு அப்படியே பொருந்தும். இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும். வெளிநாட்டு முத்திரை வேண்டும் என்ற ஒன்றைத் தவிர, முதலாண்டு ரெசிடென்டுக்கு மும்பையோ வேலூரோ அடையாறோதான் சரி. அங்கே இரண்டு வாரம் நின்றுவிட்டு மூன்றாம் ஆண்டில் வியன்னா போனால் நான்கு வாரம் எட்டு வாரமாகப் பலன் தரும். எஸ்ட்ரோவும் நம் இந்தியக் கதிர்வீச்சு மருத்துவர் சங்கமான ஏ.ஆர்.ஓ.ஐ.யும் சேர்ந்து இந்தியாவிலேயே நடத்தும் பயிற்சி வகுப்புகளையும், எஸ்ட்ரோவின் ஃபால்கன் கான்டூர் பயிலரங்குகளையும் போவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

ஐந்தொகை

உதவித்தொகை டாலரில் நிலையான ஓர் எண், செலவு நிலையில்லாதது. நான்கு வாரச் செலவில் விமானச் சீட்டை முன்கூட்டியே கட்டுப்படுத்தலாம், அறை வாடகையை முடியாது. தொகையைக் கிள்ளித் தின்பது அதுதான். ஆகவே தொகையைப் பார்த்து ஊரைத் தேர்வதைவிட, தங்க இடம் இருக்கும் ஊரைப் பார்த்துத் தொகையைத் தேர்வது புத்திசாலித்தனம்.

இங்கேதான் நம் பக்கத்தவருக்குச் சிங்கப்பூரும் மலேசியாவும் கனமாகின்றன. காரைக்குடியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் திருச்சி விமான நிலையம், அங்கிருந்து இரண்டு ஊருக்கும் நேரடி விமானம். கடல் கடந்து வியாபாரத்துக்கு, கொண்டுவிக்கப் போன காலத்திலிருந்து உறவு விட்டுப்போகாத வீடுகள் உண்டு. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலுக்குப் போனால் தூரத்து அண்ணன் ஒருவராவது தென்படுவார். வாடகை பூஜ்யமானால், தொகையே கிடைக்காவிட்டாலும் கைப்பணத்தில் இரண்டு வாரம் முடித்துவிடலாம். சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் மையத்தில் லினாக் முதல் புரோட்டான் வரை இருக்கிறது. ஊர்ச் சங்கங்களிடமும் குடும்ப அறக்கட்டளைகளிடமும் கேட்பதானால் பயிற்சி முழுவதற்கும் கேட்காமல், விமானச் சீட்டுக்கு மட்டும் என்று ரசீதோடு கேளுங்கள், சுலபமாகக் கிடைக்கும்.

ஐந்தொகையில் பலர் மறக்கும் இனங்கள்: விசாக் கட்டணம், காப்பீடு, ரத்தப் பரிசோதனைகள், பார்வையாளர் கட்டணம், பயணம் தள்ளிப்போனால் சீட்டு மாற்றும் கட்டணம். தொகை முன்பணமாக வருமா, போய் வந்து ரசீது கொடுத்த பிறகு வருமா என்பதையும் பாருங்கள். பின்னால் வருவதென்றால் அதுவரை கைமாற்று யார் தருவார் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

எங்கே சிக்கும்

முதல் சிக்கல் பெயர். நம் பக்கத்தில் மூன்று நான்கு முன்னெழுத்து சாதாரணம். எம்.பி.பி.எஸ். சான்றிதழில் "அழ.ராம.சுப. வள்ளியம்மை", பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, பதிவுச் சான்றில் தகப்பனார் பெயர் சேர்த்து என்று மூன்று வடிவம் இருக்கும். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. என்று, அதாவது முதற்பெயர் தெரியாது என்ற பொருளில், அச்சாகும். மையத்தின் பார்வையாளர் அட்டை, காப்பீடு, அழைப்புக் கடிதம் எல்லாம் வேறு வேறு பெயரில் வந்து மோதும். நோட்டரி உறுதிமொழி சில இடத்தில் போதும், சில இடத்தில் போதாது. முன்னெழுத்தை விரித்து, குடும்பப் பெயரோடு பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, மையத்துக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் முதல் அதே எழுத்துக்கோர்வையைப் பயன்படுத்துவதே தீர்வு.

இரண்டாவது, உடல்நலச் சான்று. காசநோய்ப் பரிசோதனை கேட்பார்கள். சிறுவயதில் பி.சி.ஜி. போட்ட நமக்கு மான்டூ ஊசிப் பரிசோதனை பாசிட்டிவ் காட்டலாம், அங்குள்ளவர் பதறுவார். பி.சி.ஜி.யால் பாதிக்கப்படாத இக்ரா ரத்தப் பரிசோதனையை நேராக எடுத்து, மார்பு எக்ஸ்ரேயோடு அனுப்புங்கள். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பொருள் அளவு 10க்குக் கீழே இருந்தால் ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சின்னம்மை, தட்டம்மைச் சான்றும் கேட்பார்கள். ஆக இந்த வேலை பயணத்துக்கு நான்கு மாதம் முன்பே தொடங்க வேண்டும். விசா வந்த பிறகு தொடங்கினால் தேதி கைநழுவும்.

மூன்றாவது, கடிதங்களின் வரிசை. மையத்துக்கு எழுதுவது ஒன்பது மாதம் முன்பு. "உங்கள் புகழ்பெற்ற மையத்தில் கற்க ஆவல்" என்ற கடிதத்துக்குப் பதில் வராது. எந்த நுட்பம், எந்த நான்கு வாரம், உங்கள் துறையில் என்ன மெஷின், ஆண்டுக்கு எத்தனை பிராக்கிதெரபி நோயாளிகள், அவர்களுக்குச் செலவில்லை என்பது, இவ்வளவும் பத்து வரிக்குள். ஏற்புக் கடிதத்தில் தேதியும் "பார்வையாளர், ஊதியமில்லை" என்ற சொற்களும் இல்லாவிட்டால் விசா அலுவலகம் கேள்வி கேட்கும். அரசுப் பணியில் இருந்து படிப்பவர் வெளிநாட்டுப் பயண அனுமதியை மருத்துவக் கல்வி இயக்ககம் வழியாக வாங்க வேண்டும். விடுப்பு அனுமதி வேறு, இது வேறு. ஒன்றை வாங்கி மற்றதை மறந்தவர் கடைசி வாரத்தில் சென்னைக்கு ஓடுவார்.

கிளம்பும் நாளில் ஒரு சின்ன வேலை: உங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜைத் துறையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியான ஆர்.எஸ்.ஓ.விடம் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். பெட்டியில் போட்டு விமான நிலைய எக்ஸ்ரேயில் விட்டால் அந்தக் காலாண்டு அளவீட்டில் நீங்கள் வாங்காத டோஸ் ஏறி வரும். அங்கே பிராக்கிதெரபி அறைக்குள் நிற்பதானால் அவர்களுடைய பேட்ஜைக் கேட்டு வாங்கி, கடைசி நாளில் அளவீட்டின் நகலை எழுத்தில் பெற்று ஆர்.எஸ்.ஓ.விடம் சேர்த்துவிடுங்கள்.